கழுத்தில் ஒரு மினுக்கம்

பாப்லர் மரத்துப் பஞ்சு ஜன்னல் வழியே மிதந்து வந்து நுண்ணோக்கியின் மேல் படிகிறது. பிஷ்கெக் ஆய்வுக்கூடத்தின் பூச்சி அறையில் புருல்சா அதை ஊதாமல் விரலால் எடுக்கிறாள். ஊதினால் ஊசியில் குத்தியிருக்கும் காய்ந்த பூ ஈயின் கால் உதிர்ந்துவிடும். குளவிபோல வரி போட்ட உடம்பு, வயிறு, இறகின் நரம்பு எல்லாம் அவளுக்குப் பழகிய பேரினம்தான். ஆனால் அந்தப் பேரினத்துக்குக் கண்ணில் முடி இருந்தே தீரும். இதன் கண்ணோ மொழுக்கென்று இருக்கிறது. "உலகத்துலயே இல்லாத புதுப் பேரினம்க்கா, நானே மலையில பிடிச்சேன். நீங்க 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறான் உடன் வேலை பார்க்கும் ஜூமாலி. இப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எண்ணெயில் பொரித்த பொர்சோக் மாவுத்துண்டுகளை மெல்லுகிறான். மெல்லும் சத்தம் நடுநடுவே நின்றுபோகிறது.

"என்னக்கா, இவ்வளவு நேரமா பாக்குறீங்க? என்மேல நம்பிக்கை இல்லையா?"

"ஈயைத்தான்டா பாக்குறேன். உன்னை எதுக்குப் பாக்கணும்?"

விளக்கைச் சாய்க்கிறாள். தலையும் மார்பும் சேரும் இடத்தில் ஏதோ மினுங்குகிறது. வெளிச்சமா, பசையா? உதிர்ந்த தலையை வெந்நீரில் கரையும் பசையால் ஒட்டிவைப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். ஒட்டினால் அதை ஊசிக்கு அடியில் குத்தும் சீட்டில் குறிப்பதும் வழக்கம். இந்தச் சீட்டில் மலையின் பெயர் மட்டும் இருக்கிறது. ஒட்டியிருந்தால், அது இதே ஈயின் தலைதானா? அவள் தூரிகையை வெந்நீரில் நனைத்து, ஈயின் பின்காலுக்கு மேலே தயங்கவிடுகிறாள். மெல்லும் சத்தம் அடியோடு நின்றுவிடுகிறது.

"அக்கா," என்கிறான் ஜூமாலி, "கழுத்துப் பக்கம் மட்டும் ஈரம் பட்டுடாம பாத்துக்கோங்க."