உள்ளே ஒரு கம்ப்யூட்டர்

"ஏங்க, திருடன் வர்ற வழியைத் திறந்து வச்சாச்சா?"

"வச்சாச்சு ஆபரேட்டர். உள்ளே வரலாம். வந்தவன் எதையும் எடுத்துட்டுப் போக முடியாது."

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலம் முழுக்க இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள் அவள். கணவர் இன்னும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார். கொஞ்ச நாளாக இருவரும் பின்னறையே கதி என்று கிடந்தார்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் அக்காவுக்காக. இவர்களோடு தங்கியிருக்கும் அக்காவுக்கு, "உங்க பேங்க் கணக்குல கோளாறு" என்று எவனோ போன் செய்தான். அவன் சொன்ன பட்டனையெல்லாம் அக்கா தட்டினாள். சேமிப்பு மொத்தமும் போயிற்று. அன்றிலிருந்து தட்டில் போட்டது போட்டபடி இருக்கும். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இன்ஸ்பெக்டர் கையை விரித்தார். "ஆள் எங்க உக்காந்து பேசறான்னு தெரிஞ்சா ஒரே அமுக்கா அமுக்கிடலாம்மா. அதுதானே தெரியல."

"தெரிய வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள் ஆபரேட்டர்.

விர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். வெளியிலிருந்து பார்த்தால் திரையில் ஒரு ஜன்னல், அவ்வளவுதான். உள்ளே போனவனுக்கோ அதுவே முழுக் கம்ப்யூட்டர். முதலில் கட்டியது எழுந்திருக்கவே இல்லை. அடுத்ததற்கு மெமரியை வாரிக் கொடுத்ததில் நிஜக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கி, ஃபேன் கிடந்து அலறியது. அதற்கடுத்தது ஒருவழியாக நிமிர்ந்து உட்கார்ந்தது.

"கல்யாணமான புதுசுல வீடு தேடினப்பகூட நாம இவ்வளவு அலையல" என்றார் கணவர்.

உள்ளேயிருந்து வெளியே எதுவும் கசியாதபடி எல்லாப் பகிர்வையும் அடைத்தார். எவன் வந்து எதை உடைத்தாலும் ஒரு தட்டுத் தட்டினால் பழையபடி ஆகிவிட, அப்படியே ஒரு நகலும் எடுத்து வைத்தார். 'பேங்க்', 'லாக்கர்', 'பாஸ்வேர்டு' என்று பார்த்தவுடன் நாக்கில் நீர் ஊறும் பெயர்களில் ஃபோல்டர் பெட்டிகளை அடுக்கியது ஆபரேட்டர்.

அக்காவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவளை ஏமாற்றிய நம்பருக்கே ஸ்பீக்கரில் போன் போட்டாள். வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, வயதை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாள்.

"தம்பி, என் பேங்க் கணக்குல என்னமோ கோளாறாமே. இந்த நம்பர்ல பேசுன்னாங்க."

"கவலையே படாதீங்கம்மா. நாங்க எதுக்கு இருக்கோம்?" மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது போன்ற ஆபீஸ் குரல். "முதல்ல மவுஸைப் பிடிங்க."

"பிடிச்சுட்டேன் தம்பி. இப்ப விடலாமா?"

கணவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

அவன் சொன்னதையெல்லாம் அவள் திணறித் திணறிச் செய்து முடித்தபோது, திரையில் அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது. வந்துவிட்டான்.

"'லாக்கர்'னு ஒண்ணு இருக்கே, அதுல என்னம்மா?"

"ஐயையோ, அதை மட்டும் திறக்காத தம்பி."

உடனே திறந்தான்.

"என்னம்மா இது? ஏதோ எலும்பு எக்ஸ்ரே மாதிரி..."

"எங்க வீட்டுக்காரர் முட்டி, தம்பி. ஆபரேஷன் பண்ணினதுலேர்ந்து வீட்லயே விலை ஒசந்த பொருள் அதுதான்."

அக்கா தலையணையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டாள். சேமிப்பு போன பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இதற்குள் அவன் எந்த இணைப்பிலிருந்து வருகிறான் என்கிற எண், உள்ளே இருந்த கம்ப்யூட்டரில் வந்து விழுந்தது. கணவர் அதைப் படம் பிடித்து அப்படியே இன்ஸ்பெக்டருக்குத் தட்டிவிட்டார். 'பாஸ்வேர்டு' பெட்டியைத் திறந்தவனுக்கு 'நாளைக்கு வா' என்று ஒரு வரி கிடைத்தது. போன் பட்டென்று வைக்கப்பட்டது.

அன்று அக்கா கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் ஆட்களோடு வந்து இறங்கினார். ஆபரேட்டருக்குத் தலைகால் புரியவில்லை.

"பிடிச்சுட்டீங்களா சார்?"

"இன்னும் இல்ல. நீங்க அனுப்பின நம்பர் எந்த வீட்டு நெட் இணைப்புன்னு தெரிஞ்சுடுச்சு."

"எந்த ஊரு சார்?"

"இந்த ஊருதான். தெருவும் இதேதான்." இன்ஸ்பெக்டர் நிலைப்படியை ஒரு பார்வை பார்த்தார். "வீடும் இதேதாம்மா. ஐயா பேர்லதான் இணைப்பு."

அக்கா மெல்லத் திரும்பினாள். "மாப்பிள்ளை, நீங்களா?"

"அக்கா, நான் உங்க பக்கத்துலதானே உக்காந்து சிரிச்சுட்டு இருந்தேன்."

"கம்ப்யூட்டருக்குள்ள இன்னொரு கம்ப்யூட்டர் வச்சிருக்கீங்களாமே" என்றார் இன்ஸ்பெக்டர். "குடும்பஸ்தனுக்கு அது எதுக்கு?"

கணவர் சொன்ன விளக்கம் அவருக்கே திருப்தியாக இல்லை. அதற்குள் ஒரு போலீஸ்காரர் கம்ப்யூட்டரை மூட்டை கட்டினார். இன்னொருவர் சுவரில் இருந்த வைஃபை பெட்டியைப் பிடுங்கினார்.

"வீட்ல வேற யார் இருக்கா?"

"நாங்க மூணு பேர்தான் சார்" என்றாள் ஆபரேட்டர். "மாடியில ஒரு பையன் குடியிருக்கான். தானுண்டு தன் வேலையுண்டுன்னு இருப்பான்."

"தங்கமான பையன் சார்" என்றாள் அக்கா. "என் போனைக்கூட அவன்தான் வாங்கி ரிப்பேர் பண்ணிக் குடுத்தான்."

அந்தத் தங்கமான பையன், தலையில் மாட்டிய ஹெட்போனோடு மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்து, கீழே யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கேட்டான்: "நெட் போயிடுச்சா ஆன்ட்டி? லைன்ல ஒரு வயசான அம்மா இருக்காங்க, பேங்க் விஷயம், பாதியில விட்டா பாவம்."