நாக்குக்கு அடியில்

"வாய்ல புண்ணு ஏதும் உண்டா?" ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே கேட்டார் டாக்டர்.

"ஒண்ணும் இல்லைங்கய்யா," என்றாள் ஞானப்பூ. வாயைத் திறந்தும் காட்டினாள்.

மூன்று வருஷமாக முடக்குவாதத்தில் மடங்கிக் கிடந்த விரல்கள். பத்து வாரமாகப் போட்ட தங்க உப்பு மருந்து ஊசியில் இப்போதுதான் நீளத் தொடங்கியிருந்தன. நேற்று ஜாக்கெட் பொத்தானைத் தானே மாட்டிக்கொண்டாள். இந்த நேரத்தில் புண் இருக்கிறதென்று சொல்லி ஊசியை நிறுத்தவிடுவாளா?

"நாக்கைத் தூக்கச் சொல்லுங்க டாக்டர்," என்றாள் பக்கத்தில் நின்ற நாத்தனார் ரத்தினபாய். "நாலு நாளா கஞ்சிகூட இறங்கல."

டாக்டர் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"இது மருந்து ஒத்துக்காம வந்த புண்ணு. இதுக்கு மேல போட்டா ரத்தம் கெடும், கிட்னியும் போகும். உயிருக்கே ஆபத்தும்மா. முதல்ல புண்ணு ஆறட்டும். ரத்தம், மூத்திரம் எல்லாம் பாத்துட்டு, கொஞ்சமா மறுபடி ஆரம்பிக்கலாம். எப்படியும் மூணு மாசம் ஆகும்."

குதிரை வண்டியில் ஞானப்பூவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்படித் திரும்பினாள், அப்படித் திரும்பினாள். துறைமுகச் சாலை தாண்டுமுன் வெடித்துவிட்டாள்.

"ஏளா, நான் எந்திரிச்சு நடமாடிட்டா அடுப்படி உன் கையை விட்டுப் போயிரும். அந்தப் பயம்தான உனக்கு?"

"ரொம்பக் காந்துதா மைனி? வீட்டுக்குப் போனதும் மோர் தாரேன்."

அந்தப் பதில் எரிச்சலை இன்னும் கிளறியது.

ஞானப்பூவின் கணவன் கிருபாநிதி துறைமுக ஆபீசிலிருந்து சாப்பிட வந்திருந்தான். வாசலில் அவனிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு ரத்தினபாய் உள்ளே போனாள்.

"கோள் சொல்லி முடிச்சாச்சா?" ஞானப்பூவுக்கு மூச்சு வாங்கியது. "உங்க தங்கச்சிய எங்கயாவது அனுப்பி வைங்க. அவ இங்கன இருந்தா எனக்குக் குணமாகவே ஆகாது."

கிருபாநிதி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நாசரேத்துல அவளுக்கு டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைச்சிருக்கு. புருஷன் செத்த நாள்லருந்து அவ ஆசப்பட்டது அது ஒண்ணுதான். மைனி கை சரியாகட்டும், அதுக்கப்புறம் சொல்லிக்கிடலாம்னு உன்கிட்ட மறைச்சிட்டா. திங்கக்கிழமை போய்ச் சேரணும்."

ஞானப்பூ அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப என்கிட்ட என்ன சொல்லிட்டுப் போறா தெரியுமா? 'நாசரேத்துக்கு வர முடியலைன்னு எழுதணும், ஒரு தபால் கார்டு வாங்கிட்டு வாங்கண்ணே'ன்னா."