மல்லிகைப் பாத்தி

மூன்றாவது நாளாக மல்லிகைப் பாத்தி உடைந்து கிடந்தது.

ஆபீசிலிருந்து திரும்பிய கிருஷ்ணமூர்த்தி டிபன் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. சாண் உயரத்துக்கு அவர் அணைத்துக் கட்டிய வரப்பை யாரோ வெட்டி, தெருச் சாக்கடை வரைக்கும் வாய்க்கால் இழுத்திருந்தார்கள். தேங்கி நின்ற தண்ணீரெல்லாம் ஓடிப்போயிருந்தது.

"அன்னம்! இது அந்தப் பழனியாண்டி வேலைதான்!"

சமையலறையில் மனைவி மிக்சியைப் போட்டாள்.

ஆறு மல்லிகைச் செடிகள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில், குழந்தை மாதிரி படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்தவை. மருமகள் உமா மகேஸ்வரிக்கு ஆவணியில் வளைகாப்பு. 'மெயின்லேண்டிலிருந்து விமானத்தில் வந்து வாடிப்போன பூவை என் மருமகளுக்கு வைக்க மாட்டேன், என் தோட்டத்துப் பூதான்' என்று சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார். சொன்ன வாய்க்குச் செடி பூக்க வேண்டுமே! மே மாதம் மழை பிடித்ததிலிருந்து இலையெல்லாம் மஞ்சள்.

கிருஷ்ணமூர்த்தி பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். அங்கே மழை வருவதே அபூர்வம்; வந்தால் விடக்கூடாது. செடியைச் சுற்றிப் பாத்தி கட்டு, விழுந்த சொட்டை வெளியே போகவிடாமல் மடக்கு. இவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த தோட்டக்கலை. இப்போது குடியிருக்கும் பாம்பூஃப்ளாட்டில் வருஷத்துக்கு எட்டு மாதம் மழை கொட்டுவது குடை பிடிக்கும்போது ஞாபகம் வரும். மண்வெட்டி பிடிக்கும்போது மறந்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பழனியாண்டி சொல்லித்தான் பார்த்தார். அவருடைய பெற்றோர் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியவர்கள். அவருக்கு இப்போது, கிருஷ்ணமூர்த்தி தினமும் அக்கரைக்கு ஆபீஸ் போகும் சாத்தம் ஃபெரியில் கயிறு கட்டும் வேலை.

"சார், பானி நின்னா வேர் அழுகிரும். எங்க ஆளுங்க மலையில முதல்ல கான் வெட்டி, தண்ணியை ஓட விட்டுட்டுத்தான் செடியையே நடுவாங்க. வரப்பை வெட்டி விட்டுட்டு மண்ணை மேடாக்குங்க."

"அவர் சொல்றதும் சரியோ என்னமோ..." என்று அன்னம்மாள் இழுத்தாள்.

"தண்ணியோட அருமை எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் அவங்கவங்க வேலையைப் பாருங்க."

மறுநாள் வரப்பு இன்னும் நாலு விரல் உயர்ந்தது. அதற்கு அப்புறம்தான் இந்த உடைப்பு. அவர் மாலையில் கட்டுவார். மறுநாள் ஆபீஸ் போய்த் திரும்புவதற்குள் உடைந்திருக்கும்.

நேரே வேலியருகே போய் நின்றார்.

"யோவ் பழனியாண்டி! வெளியே வாய்யா!"

டியூட்டிச் சட்டையைக்கூட மாற்றாமல் பழனியாண்டி வந்தார். சத்தம் கேட்டு அன்னம்மாளும் ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"என் பாத்தியை உடைச்சது நீதானே?"

பழனியாண்டி தலையைச் சொறிந்தார். "ஆமா சார். நான்தான்."

அவ்வளவுதான். பொறாமை பிடித்தவன், அடுத்தவன் செடி தழைத்தால் பொறுக்காதவன் என்று கிருஷ்ணமூர்த்தி பேசிய பேச்சைத் தெருவே நின்று கேட்டது. "கோயி பாத் நஹீ சார், பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பழனியாண்டி உள்ளே போய்விட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சிமென்ட் வைத்தே வரப்புக் கட்டுவதாகக் கிருஷ்ணமூர்த்தி சபதம் போட்டார். மறுநாள் ஃபெரியில் ஏற பழனியாண்டி கை கொடுத்தபோது, அந்தக் கையைத் தொடக்கூடாது என்று தானே தாவினார். இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினைந்து நாள் படுக்கை.

எழுந்து தோட்டத்துக்கு வந்தவரால் நம்ப முடியவில்லை. செடிகள் மேடான மண்ணில் நிமிர்ந்து நின்றன. பழுத்த இலைகள் போய்ப் பச்சைப் பசேலென்று துளிர். ஆடி முடிவதற்குள் மொட்டு.

வளைகாப்பு அன்று உமா மகேஸ்வரியின் தலை கொள்ளாமல் பூ. வீடே மணத்தது. கிருஷ்ணமூர்த்திக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கூடவே வெட்கமும். ஒரு முழம் சரத்தை இலையில் சுற்றிக்கொண்டு, விழாவுக்கு அழைக்காமல் விட்ட பழனியாண்டியின் வீட்டுக்கு நடந்தார். கலந்த சாதத் தூக்கோடு அன்னம்மாளும் பின்னாலேயே வந்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க. வரப்பை உடைச்சுச் செடியைக் காப்பாத்தின கைக்குத்தான் இந்தப் பூ."

பழனியாண்டி கையை நீட்டவில்லை.

"மம்பட்டி மட்டும்தான் சார் என்னோடது. அந்த மூணு நாளும் காலையில உங்களை ஃபெரியில ஏத்தினதும் நான், சாயங்காலம் இறக்கி விட்டதும் நான். நடுவுல ஃபெரியை விட்டுட்டு எப்போ வந்து நான் உடைப்பேன்?"

கிருஷ்ணமூர்த்தி மெதுவாகத் திரும்பினார். அன்னம்மாள் தூக்குவாளியின் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்புறம் ஏங்க நான்தான்னு சொல்லி அத்தனை திட்டையும் வாங்கினீங்க?" என்று பழனியாண்டியைக் கேட்டார் கிருஷ்ணமூர்த்தி.

"நான்னா ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுருவீங்க. அக்கான்னு தெரிஞ்சா, வளைகாப்பு வரைக்கும் உங்க வீட்டுல பேச்சுவார்த்தையே இருக்காதேன்னுதான் சார்."

கோபம் வரும் என்றுதான் கிருஷ்ணமூர்த்தியே எதிர்பார்த்தார். சிரிப்புத்தான் வந்தது. சரத்தைப் பிரித்துப் பாதியைப் பழனியாண்டியின் கையில் வைத்தார். மீதியை மனைவியிடம் நீட்டினார்.

"அடிப்பாவி! நான் தப்பாச் செஞ்சதை எனக்கே தெரியாம சரி பண்றது எத்தனை நாளா நடக்குது?"

"முப்பது வருஷமா," என்றாள் அன்னம்மாள், பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டே. "இப்பத்தான் முதல் தடவையா மாட்டியிருக்கேன்."