மனு மன்னன்

“பேனர்ல ‘மனு மன்னன்’னு பெரிய எழுத்துல போடு. பேரு அதுக்குக் கீழ வரட்டும்” என்றார் நாகபூஷணம்.

“பேரு கீழயா? நினைவு நாளு வெங்கடசாமிக்கா, மனுவுக்கா?” என்று கேட்டார் நோட்டில் குறித்துக்கொண்டிருந்த விஜயராகவன்.

“ரெண்டும் ஒண்ணுதான்யா. எழுது.”

செத்துப்போன வெங்கடசாமியின் வீட்டுக் கூடத்தில்தான் பேச்சு நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நினைவேந்தல் கூட்டம். ஆந்திராவில் பிச்சாட்டூருக்கு அந்தப்பக்கம் இருந்த அவர்கள் ஊருக்கு பஸ் வந்தது, தெருவிளக்கு எரிந்தது, தண்ணீர்த் தொட்டி வந்தது எல்லாமே அவர் கொடுத்த மனுக்களால்தான். பன்னிரண்டு வருஷம் அலைந்தார். திங்கட்கிழமை ஆனால் போதும், வெள்ளைச் சட்டைப் பையில் மனுவை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். முதலில் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கு, மாவட்டத்தைப் பிரித்த பிறகு திருப்பதிக்கு.

‘வேற வேலை இல்லியா உனக்கு?’ என்று பஸ் நிறுத்தத்திலேயே அவரை எத்தனையோ முறை கிண்டல் செய்தவர் நாகபூஷணம். அப்புறம் ஒருநாள் நாகபூஷணம் வீட்டு வாசலில் ஓடிய சாக்கடைக்கே மூடி வந்தது. அதற்கும் வெங்கடசாமியின் மனுதான் காரணம். நன்றி சொல்லவேண்டும் என்று நினைத்து நினைத்தே நாள் ஓடிவிட்டது. அந்த உறுத்தல்தான் இப்போது பேனராகவும் மைக் செட்டாகவும் மாறிக்கொண்டிருந்தது.

வெங்கடசாமியின் மனைவி சந்திரம்மா காபி கொண்டுவந்து வைத்தாள்.

“தங்கச்சி, நீயும் மைக்ல ரெண்டு வார்த்த பேசணும்” என்றார் நாகபூஷணம்.

“நான் இன்னாண்ணா பேசறது?”

“அவரு எப்பிடி எழுதுவாரு, எங்க உக்காந்து எழுதுவாருன்னு சொல்லும்மா. ஜனங்க கேக்கட்டும்.”

சந்திரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அவரு எங்கண்ணா உக்காந்தாரு? துன்னுட்டு பஸ் புடிக்க ஓடிக்கினு இருப்பாரு.”

“பாத்தியா! உக்கார நேரமில்லாம உழைச்சிருக்காரு. இதையும் குறிச்சுக்கோ” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் நாகபூஷணம்.

அப்போது மைக் பர்மிஷனுக்காக ஸ்டேஷனுக்குப் போயிருந்த கோவர்த்தனன் வியர்த்துக் கொட்ட உள்ளே வந்தார்.

“தமிழ்ல எழுதின மனு செல்லாது, தெலுங்குல அர்ஜி வேணும்னாங்க. போன்லயே தெலுங்குக்கு மாத்தி, அத அப்பிடியே பாத்து வரைஞ்சு குடுத்தேன். படிச்சிட்டு, ‘இது அர்ஜியா, மிரட்டலா?’ன்னு கேக்கறாங்க. அஞ்சு மணிக்குள்ள ஒழுங்கா எழுதிக்கினு போவலன்னா மைக் கிடையாது.”

மணி நாலேகால். மூன்று பேரும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். தெலுங்கில் சண்டையே போடும் அளவுக்குப் பேசுவார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் செய்வார்கள். எழுதுவது என்றால் பேனா நகராது.

“உன் பேரன எழுதச் சொல்லேன்” என்றார் விஜயராகவன்.

“அவன் இங்கிலீஷ் மீடியம். தெலுங்குல அவன் பேர எழுதவே மூணு தப்பு” என்றார் நாகபூஷணம். “ஊருக்கே எழுதின மனுசனுக்கு ஒரு அர்ஜி எழுத ஆளில்லாம போச்சே!”

சந்திரம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “அந்தப் பேப்பர இப்பிடிக் குடுங்கண்ணா.”

“நீயா?”

“நான் காளஹஸ்தில தெலுங்கு மீடியம் படிச்சவ.”

வேறு வழியில்லாமல் நாகபூஷணம் பேப்பரைக் கொடுத்தார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நோட்டை முழங்காலில் வைத்துக்கொண்டாள். ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இல்லை. காபி ஆறுவதற்குள் எழுதி முடித்து நீட்டினாள்.

கோவர்த்தனன் எழுத்துக் கூட்டிப் படித்தார். பணிவாக ஆரம்பித்து, பதமாக விஷயத்தைச் சொல்லி, ‘அனுமதி மறுப்பதானால் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்’ என்று கிடுக்கிப்பிடி போட்டு முடிந்தது.

“அப்பிடியே வெங்கடசாமி எழுதின மாதிரியே இருக்குதே!” நாகபூஷணம் துள்ளி எழுந்தார். “பக்கத்துல இருந்து பாத்தே கத்துக்கினியாம்மா?”

சந்திரம்மா காலி டம்ளர்களை எடுத்தாள்.

“அண்ணா…” கோவர்த்தனன் பேப்பரின் அடியில் விரலை வைத்தபடி அப்படியே நின்றார். “கையெழுத்தப் பாருங்க.”

நாகபூஷணம் குனிந்து பார்த்தார். சாய்வான எழுத்து, கடைசியில் ஒரு சுழி. ஊரிலிருந்து போன ஒவ்வொரு மனுவின் நகலிலும் அவர் பார்த்த அதே கையெழுத்து. கே. வெங்கடசாமி.

சந்திரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அய்ய, பன்னெண்டு வருசப் பழக்கம், கை தானா போட்டுடுச்சு! குடுங்கண்ணா, அவரு பேர அடிச்சிட்டு என் பேரப் போட்டுத் தரேன்.”