உள்ள என்ன பாத்திய?

"கண்ண மூடாதீங்க மக்ளே. அம்புட்டுதான் விசயம்."

விஷ்ணுப்ரியாவின் சுடிதாருக்கு மேல் வேட்டியைச் சுற்றி, இடுப்பில் ஒரு மடிப்பை இறுக்கிச் செருகியபடி பிரேமா சொன்னாள்.

"நான் ஒண்ணும் கேக்கலியே அக்கா."

"கேக்கலதான். ரெண்டு தடவ வந்திய. ரெண்டு தடவயும் வேட்டியத் திருப்பித் தரும்போது வாயே தொறக்கல. அதான் சொல்லுதேன்."

கிழக்கேகோட்டையில் பத்மநாபசாமி கோவிலுக்குப் போகும் வழியில் பிரேமாவின் கடை. சுடிதாரோடு கோவிலுக்குள் விட மாட்டார்கள் என்பதால், அப்படி வரும் பெண்களுக்கு மேலே சுற்றிக்கொள்ள வேட்டி வாடகைக்குக் கொடுப்பாள். போன்களை வாங்கிப் பத்திரமாக வைப்பாள். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வேட்டியைத் திருப்பித் தருகிற ஒவ்வொருத்தியையும் நிறுத்தி, "உள்ள என்ன பாத்திய?" என்று கேட்டே தீருவாள். பாடம் ஒப்பிக்கச் சொல்லும் டீச்சர் போல.

போன இரண்டு தடவையும் விஷ்ணுப்ரியா நழுவிவிட்டாள். சொல்ல ஒன்றுமில்லை என்பதுதான் உண்மை.

ஆறு வருஷமாகக் கழக்கூட்டத்து பிளாட்டின் பால்கனியில் விடியற்காலை தனியாக உட்கார்ந்து தியானம் செய்கிறவள் அவள். குரு கிடையாது, வகுப்பு கிடையாது. ஆபீஸ் தோழி நீது வாரத்துக்கு ஒரு சாமியார் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். "நீ சாப்பிட்டா எனக்குப் பசி ஆறுமா நீது?" என்று சிரித்து அனுப்பிவிடுவாள். தனக்குள்ளே ஏதோ தெளிந்து வருகிறது என்று அவளுக்கு நல்ல நம்பிக்கை இருந்தது, இந்தக் கோவிலில் வந்து நிற்கும் வரை. இரண்டு முறை நின்றும் இருட்டைத் தவிர எதுவும் தட்டுப்படவில்லை. ஆறு வருஷமும் சும்மா உட்கார்ந்திருந்ததுதானா?

நாளைக் காலையில் டொரோண்டோவுக்கு விமானம். மூன்று வருஷ வேலை. அந்தக் கேள்வியையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போக அவளுக்கு மனமில்லை.

பிரேமா விடுவதாக இல்லை. "உள்ள மூணு வாசல். படுத்திருக்கவரு பெரிய ஆளு, ஒரே பார்வையில அடங்க மாட்டாரு. மொத வாசல்ல முகமும் வலது கையும். கைக்குக் கீழ ஒரு சிவலிங்கம் உண்டு, அதத் தவற விட்டுராதீங்க. நடு வாசல்ல தொப்புள்லேருந்து எழும்புற தாமர. மூணாவதுல பாதம். அங்க நிமிந்து நின்னா முன்னால நிக்கவங்க தலதான் தெரியும். லேசா குனியணும், கேட்டியளா?"

"தெரியும்க்கா. எல்லாரும் சொல்றதுதானே."

"தெரியும். ஆனா பாக்கலியே!"

விஷ்ணுப்ரியாவுக்குச் சுருக்கென்றது. "சாமியப் பாக்க இன்னொருத்தர் சொல்லித் தரணுமா? அது தானா உள்ளேயிருந்து வரணும்."

"வரட்டுமே. நான் வேண்டாம்னா சொன்னேன்?" வேட்டியின் நுனியை நீவிவிட்டாள் பிரேமா. "இந்தத் தியானம் பண்ணுற பிள்ளைய எல்லாருக்கும் இதே கததான். வாசலுக்கு நேரா வந்ததும் பழக்க தோசத்துல கையக் கூப்பி கண்ண மூடிரும். தொறக்கும்போது வரிச நகந்திரும். தேடி வந்தவரு முன்னால கெடக்காரு, இதுங்க உள்ள தேடிட்டு நிக்கும்."

விஷ்ணுப்ரியாவின் முகம் சூடானது. இரண்டு தடவையும் கண்ணை மூடித்தான் நின்றாள். இது இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? தினமும் நடை திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுவாள் போலிருக்கிறது. அந்த மிதப்பில் பேசுகிறாள்.

"நான் என் வழியில பாத்துக்கறேன்."

"பாருங்க, பாருங்க. வந்து சொன்னாப் போதும்."

வரிசை மெல்ல ஊர்ந்தது. கல் மண்டபத்தில் ஏறி முதல் வாசலுக்கு நேரே வந்ததும் அவள் கைகள் தாமாகக் குவிந்தன. இமைகள் தாமாக இறங்கின. பாதி இறங்கியபோது காதுக்குள் பிரேமாவின் குரல். எரிச்சலோடு கண்ணைத் திறந்தாள்.

திறந்த கண் அப்புறம் மூடவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து, வேட்டி அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள்.

"அக்கா, பாத்துட்டேன்! மூணு வாசல்லயும்!"

பிரேமா கையிலிருந்த வேட்டியை மடியில் போட்டாள். "நில்லுங்க. மொதல்லேருந்து."

"அந்தக் கை இருக்கே... தூங்கறவர் கை மாதிரியே இல்லக்கா. குழந்தை தலையத் தடவிக் குடுக்கப் போற மாதிரி, அவ்வளவு லேசா அந்த லிங்கத்துக்கு மேல..." தன் கையையே அப்படி நீட்டிக் காட்டினாள். "ஒத்துக்கறேன். நீங்க சொல்லலேன்னா இன்னிக்கும் இருட்டத்தான் பாத்துட்டு வந்திருப்பேன்."

பார்த்தால், பிரேமா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னை மூடாதேன்னுட்டு நீங்க மூடிக்கிட்டீங்களா? எழுந்திருங்க. பக்கத்துக் கடையில சொல்லிட்டு வாங்க, ரெண்டு பேருமா இன்னொரு தடவை போயிட்டு வருவோம். மூணாவது வாசல்ல நீங்க எந்த இடத்துல நின்னு குனிவீங்கன்னு எனக்குக் காட்டணும்."

பிரேமா கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"நாங்க கிறிஸ்தவங்கல்லா மக்ளே, எங்களுக்கு உள்ள அனுமதி கெடையாது. இருபத்தெட்டு வருசமா உங்களப்போல உள்ளவங்க வந்து சொல்லச் சொல்லத்தான் நான் பாத்துக்கிட்டிருக்கேன். கை ஆச்சு. இனி நடு வாசலுக்கு வாங்க, மெதுவா."