உறை பிரிக்காத சீட்டு

முழங்காலை ஊன்றி, உடம்பின் பாரம் மொத்தத்தையும் குழந்தை சீட்டின்மேல் இறக்கி, கணவன் கட்டிவைத்திருந்த கார் பெல்ட்டை இழுத்து இறுக்கினாள் இலக்கியா.

பிறகு சீட்டைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினாள். அது வழுக்கிக்கொண்டு கதவுப் பக்கம் போய் நின்றது.

"இன்னாங்க கட்டியிருக்கீங்க? எருமையைக்கூட இதைவிட இறுக்கிக் கட்டுவீங்க."

அறிவுச்செல்வன் காருக்கு வெளியே நின்று செல்போனில் மணி பார்த்தான். பாப்பாவைக் கூட்டிவர விழுப்புரம் போக வேண்டும். காலையிலேயே வந்துவிடச் சொல்லியிருந்தார்கள்.

"நான் மெதுவாத்தான் ஓட்டுவேன், இலக்கியா."

"நீங்க மெதுவா ஓட்டுவீங்க. உளுந்தூர்பேட்டை கூட்டுரோட்டுல குறுக்க வர்ற லாரிக்காரன் மெதுவா வருவானா?"

அவன் மறுபடியும் மணி பார்த்தான். அது அவளுக்கு இன்னும் எரிச்சலூட்டியது.

ஒரு வாரமாக வீடியோ வீடியோவாகப் பார்த்திருந்தாள். முன்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தைக்கு, திடீரென்று பிரேக் போட்டால் உயிரைப் பிடித்து வைப்பது இந்தச் சீட்டுதான். பெல்ட் நுழைகிற இடத்தில் அது ஒரு விரற்கடைக்கு மேல் அசையக் கூடாது. பின்னால் கொக்கியில் மாட்டும் மேல்வாரைச் சரியாகத்தான் மாட்டியிருந்தான். அப்படியும் ஏன் வழுக்குகிறது?

குனிந்து அடியில் கைவிட்டாள். மொறமொறவென்று சத்தம் கேட்டது.

பாலித்தீன்.

கடையில் சுற்றிக் கொடுத்த உறையைப் பிரிக்காமல், அதன்மேலேயே பெல்ட்டை இழுத்துக் கட்டியிருக்கிறான்.

டிவி ரிமோட்டுக்கும் சோபாவுக்கும் பாலித்தீன் போட்டுப் பாதுகாக்கிற வீடு இது. கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். இன்று சிரிப்பு வரவில்லை. அறைக் கதவுக்குப் பின்னால் வாரக்கணக்கில் தொங்கும் அவனுடைய அழுக்குச் சட்டைகூட இப்போது நினைவுக்கு வந்து தொலைத்தது. துவைக்க எடுத்தால், "இருக்கட்டும்" என்று பிடுங்கி மறுபடியும் ஆணியில் மாட்டிவிடுவான். பிரிக்க வேண்டியதைப் பிரிக்க மாட்டான், துவைக்க வேண்டியதைத் துவைக்க விட மாட்டான்.

"புது வாசனை போயிடும்னு பொத்தி வெச்சிக்கினு இருக்கீங்களா? புள்ள உசுரைவிட சீட்டு பெருசா?"

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"பிரிச்சிட்டா கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான்."

அவள் கை அப்படியே நின்றது.

போன வருஷம் ஆசை ஆசையாய் வாங்கிய மூன்று சக்கர சைக்கிளை, அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு மத்தியானத்தில், இவன்தான் தனியாகப் பைக்கில் வைத்துக் கட்டிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். கடைக்காரன் என்ன கேட்டான், இவன் என்ன சொன்னான் என்று இன்றுவரை அவள் கேட்டதில்லை.

"திருப்பிக் குடுக்கவா வாங்குனோம்?"

கத்தியெல்லாம் தேடவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பாலித்தீனின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். சரசரவென்று உரித்துத் தெருவில் எறிந்தாள். மறுபடியும் முழங்காலை ஊன்றி, பெல்ட்டை இழுத்து, மேல்வாரை இறுக்கி, ஆட்டிப் பார்த்தாள்.

சீட்டு அசையவில்லை. கார்தான் ஆடியது.

மிச்சம் இருந்தது தோள்வார். குழந்தையின் தோள் உயரத்துக்குச் சரியாக, இல்லாவிட்டால் ஒரு துளி மேலே, அதை வைக்க வேண்டும்.

"பாப்பா தோளு எது வரைக்கும் வரும்?" என்று அவன் கேட்டான்.

இலக்கியா சீட்டின் முதுகில் கையை வைத்து மேலும் கீழும் நகர்த்தினாள்.

பெற்றவளாயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பாள். இவள் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே ஒரு தடவை. காப்பகத்தின் வராந்தாவில், கூடிப்போனால் ஒரு மணி நேரம். கோணல் வகிடு ஞாபகம் இருந்தது. பிஸ்கட்டை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்ட விதம் ஞாபகம் இருந்தது. தோள் ஞாபகத்தில் இல்லை. போன வருஷம் தத்தெடுக்கப் போய்ப் பார்த்த பிள்ளையைக் கடைசி நேரத்தில் சொந்தக்காரர்கள் வந்து அழைத்துப் போய்விட்டார்கள். அதனால் இந்தப் பிள்ளையை ஆசையோடு உற்றுப் பார்க்கவே அன்று பயந்திருந்தாள்.

கார்க் கதவை ஓங்கி அறைந்தாள். அது யார்மேல் வந்த கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் வீட்டுக்குள் போனான்.

திரும்பி வரும்போது அந்த அழுக்குச் சட்டையைப் போட்டிருந்தான். பின்சீட்டில் ஏறி, குழந்தை சீட்டுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். மார்பில், பாக்கெட்டுக்குக் கீழே, காய்ந்துபோன பிஸ்கட் கறை ஒன்றைத் தொட்டுக் காட்டினான்.

"நீ உள்ள கையெழுத்து போட்டுக்கினு இருந்தப்ப, என் மடியில ஏறிக்கினா. இங்க வாயை வெச்சிக்கினுதான் தூங்கினா."

இலக்கியா அவனைப் பார்க்கவில்லை. கறையைத்தான் பார்த்தாள்.

மடியிலிருந்து கறை வரை சாண் போட்டாள். வாயிலிருந்து தோளுக்கு நான்கு விரல் கழித்தாள். தூக்கத்தில் சரிந்திருப்பாள் என்று ஒரு விரல் கூட்டினாள். அந்த உயரத்தில் தோள்வாரை மாட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

அவன் இறங்கி, தெருவில் கிடந்த பாலித்தீனைப் பொறுக்கிக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டான். சட்டைப் பித்தானைக் கழற்றிக்கொண்டே வாசல்படி ஏறினான்.

"எங்க போறீங்க?"

"நல்ல சட்டை போட்டுக்கினு வரேன்."

"ஒண்ணும் வேணாம்." அவள் குரலில் இன்னும் அதே கோபம் இருந்தது. "அதோடவே வாங்க. அவளுக்கு அந்தச் சட்டைதான் தெரியும்."