துவைக்காத நைட்டி

"தாய்ப்பால் பத்தல, புட்டிப்பாலும் சேத்துக் குடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். மார்பில் சமர்த்தாகக் குடிக்கும் பத்து நாள் பயல், புட்டியைக் கண்டால் மட்டும் ஊரைக் கூட்டினான்.

நர்ஸுக்குப் போன் போட்டேன்.

"துவைக்காத நைட்டியைப் போட்டுக்கிட்டுக் குடுங்க. அம்மா வாசனை வந்தாத்தான் வாயைத் திறப்பான்." சொல்லிவிட்டு ஏனோ சிரித்தாள்.

நைட்டியைப் போட்டதும் மடமடவென்று குடித்தான். பாதிப் புட்டியில் அழைப்பு மணி அடித்தது. நிறுத்தினால் மறுபடி கச்சேரிதான். பயலோடே போய்க் கதவைத் திறந்தேன்.

வாசலில் ஸ்டேஷன் ஏட்டு. நைட்டிப் பூக்களில் தொடங்கிய அவர் பார்வை, என் மீசையில் வந்து நின்றது. விறைப்பாக சல்யூட் அடித்தார்.

"இன்ஸ்பெக்டரய்யா..."

"யோவ், வெளியில மூச்சு விட்டே, தொலைச்சிடுவேன்!"

ஏட்டு குரலைத் தாழ்த்தினார்.

"நைட்டி தேவலைங்கய்யா. எம் பொண்ணு புட்டி குடிக்க, நான் சேலையே கட்டினேன்."